மின்னூலகத் தெரிவில் வலைத் தாமதம்: வழங்கிசார் இடைச்சேமிப்பும் தமிழ் எழுத்துக் குறியாக்கமும்

மின்னூலகம் ஒன்றில் நூலைத் தேர்ந்தெடுக்கும் வாசகர் பெரும்பாலும் பல படிகளைக் கடக்கிறார். முதலில் ஆசிரியர், அடுத்து நூல், பின்னர் இயல், இறுதியில் பாடல் என ஒவ்வொரு தெரிவும் வழங்கிக்கு ஒரு கோரிக்கையாகச் செல்கிறது. தேடற்பெட்டியில் எழுத்துகளை உள்ளிடும்போதே பரிந்துரைப் பட்டியல் விரியும் தளங்களில் ஒவ்வொரு விசையழுத்தமும் தனிக் கோரிக்கையாகிவிடுகிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இல் தொடங்கிய நூலகம் முதலிய முயற்சிகளின் வாசகர்கள் பல கண்டங்களில் வாழ்பவர்கள் என்பதை நினைவிற்கொண்டால், இத்தாமதம் பொறியியலாளர் மட்டும் கவலைப்பட வேண்டியதன்று என்பது விளங்கும்.

தாமதம் எங்கே பிறக்கிறது என்பதை முதலில் கணக்கிட வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சென்னைக்கும் டொராண்டோவுக்கும் இடையிலான நேர்த்தொலைவு ஏறத்தாழ 13,400 கிலோமீட்டர். ஆகவே ஒரு கோரிக்கை சென்று மீள்வதற்கு இயற்பியல் விதிக்கும் குறைந்த அளவே 134 மில்லிநொடி. கடலடி வடங்கள் நேர்கோட்டில் செல்லாமையால் உண்மையில் இதனினும் கூடும். புதிய இணைப்பு எனின் டிசிபி கைகுலுக்கலுக்கு ஒரு சுற்று, 2018இல் வெளிவந்த டிஎல்எஸ் 1.3 பாதுகாப்பு நெறிமுறைக்கு ஒரு சுற்று, கோரிக்கைக்கு ஒரு சுற்று என மூன்று சுற்றுகள் வேண்டும். பட்டியலின் முதல் பைட் வருவதற்குள் 400 மில்லிநொடி கழிந்துவிடும். தரவுத்தளம் தேடி வரிசைப்படுத்தும் நேரம் இதற்கு மேற்பட்டது.

இவ்விரண்டு தாமதங்களையும் ஒன்றெனக் கருதுவது பரவலான பிழை. கேஷ் எனப்படும் இடைச்சேமிப்பு, ஒருமுறை ஆக்கிய விடையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்து, அதே கோரிக்கை மீண்டும் வரும்போது ஆக்காமலே அளிப்பது. 2003இல் லைவ்ஜர்னல் தளத்திற்காக உருவான மெம்கேஷ்ட், தரவுத்தள விடைகளை நினைவகத்தில் வைத்தது. 2006இல் நார்வே நாளிதழ் ஒன்றின் தேவைக்காக வெளிவந்த வார்னிஷ், வழங்கியின் முன்னே நின்று பக்கங்களை முழுமையாகவே வழங்கியது. இவை சென்னை வழங்கியிலேயே அமைந்தால் ஆக்கும் நேரம் குறையும். 134 மில்லிநொடி குறையாது. அதனைக் குறைக்க, சேமிப்பு வாசகருக்கு அருகிலுள்ள வழங்கிக்கு நகர வேண்டும். எது மிகுதி என்று அளந்து பாராமல் கருவி வாங்குவது வீண்செலவு.

தெரிவுப் பட்டியல்கள் இடைச்சேமிப்புக்கு மிக ஏற்றவை. வலைக்கோரிக்கைகள் ஏறத்தாழ ஜிப்ஃப் பரவலைப் பின்பற்றுகின்றன என்று பிரெஸ்லாவும் பிறரும் 1999இல் காட்டினர். அதாவது சிலவே மிகப் பலமுறை கேட்கப்படுகின்றன. தமிழில் இன்னொரு வசதியும் உண்டு. எழுத்துகள் 247, அவற்றுள்ளும் மொழிமுதல் ஆவன சிலவே என்பது இலக்கணம். கிரந்த எழுத்துகளில் தொடங்கும் தலைப்புகளைச் சேர்த்தாலும், முதலெழுத்துக்குரிய பட்டியல்கள் அனைத்தையும் முன்கூட்டியே ஆக்கிவைப்பது சிறு வேலையே.

ஆனால் இடைச்சேமிப்பு விடையைக் கண்டறிவது சாவியால்; சாவி என்பது பைட்களின் வரிசை. இங்கேதான் தமிழ்த் தளங்கள் அறியாமலே இழப்புக்குள்ளாகின்றன. ‘தொல்காப்பியம்’ என்பதன் முதலெழுத்தை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம்: தகரத்துடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்து எழுதலாம், அன்றி ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இட்டும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. முன்னது 6 பைட், பின்னது 9 பைட். இணைய முகவரியில் விழுக்காட்டுக் குறியாக்கம் பெறும்போது முறையே 18, 27 குறிகள். பழைய எழுத்துருக் குறியாக்கங்களிலிருந்து மாற்றப்பட்ட பனுவல்களில் இரண்டும் கலந்து வரக் கூடும். இடைச்சேமிப்புக்கு இவை இரு வேறு நூல்கள். ஒருவர் கேட்டுச் சேமிக்கப்பட்ட விடை மற்றவருக்குப் பயன்படாது. தாமதத்தினும் கொடியது, நூல் இருந்தும் ‘இல்லை’ என்ற விடை வருதல். அவ்வெறும் விடையும் சேமிக்கப்பட்டு அடுத்தவருக்கு விரைவாக வழங்கப்படும்! இன்னும், பிரித்தெழுதிய தரவில் ‘தெ’ எனத் தேடுவோர்க்குத் ‘தொ’ வரிசையும் சேர்ந்து வந்து நிற்கும்.

ஒருங்குறி வகுத்த என்எஃப்சி இயல்பாக்கத்தைச் சாவிக்கும் தேடற்சுட்டிக்கும் ஒருசேரப் பயன்படுத்தினால் இச்சிக்கல் தீரும். எல்லாம் தீர்ந்துவிடாது. ‘ஸ்ரீ’ என்பதை ஸகரத்தாலும், 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தாலும் எழுதலாம். இவற்றை இயல்பாக்கம் ஒன்றாக்குவதில்லை. ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாக உள்ளிடும் வழக்கமும் அவ்வாறே. ‘ஒள’ என்பதனை எங்கும் ஔகாரமாக்கிவிடலாமே எனப் பொறியாளர் நினைக்கலாம். அப்போது ‘ஒளி’ என்ற சொல் சிதையும். எனவே எவ்வெவ் வடிவங்கள் நிகர் என்னும் பட்டியலைத் தமிழறிந்தோர் வகுத்துத் தரவேண்டும். அது சாவியளவில் நிற்க வேண்டும். பதிப்பாசிரியர் தந்த மூலபாடத்தைத் தொடலாகாது.

பரிந்துரைக் கோரிக்கையை விசைதோறும் அனுப்பாமல் எழுத்து நிறைவுற்றபின் அனுப்புவதும் நன்று. ‘தொல்’ என்பது நான்கு அல்லது ஐந்து குறியிடங்களைக் கடந்து உருவாகிறது. இடைநிலைகளுக்கு விடை தேடுவதில் பயனில்லை. இவ்வெளிய மாற்றத்திற்குக் கருவிச் செலவு எதுவுமில்லை.

எச்சரிக்கை இரண்டு. வாசகரின் கணக்கு, படித்த வரலாறு முதலியவை பொதுச் சேமிப்பில் புகலாகாது. 2015 கிறித்துமசு நாளில் ஸ்டீம் விளையாட்டுத் தளத்தில் இடைச்சேமிப்பு அமைப்புப் பிழையால் ஒருவர் கணக்குப் பக்கம் பிறருக்குத் தெரிந்தது. மற்றொன்று, பழமை. பதிப்பில் ஒரு பாடபேதம் திருத்தப்பட்ட பின்னும் தொலைநாட்டு வழங்கி பழைய பக்கத்தையே தருமாயின், ஆய்வாளர் பிழையை மேற்கோளாக்குவார். பட்டியல்களுக்கு, பழைய விடையைத் தந்துகொண்டே பின்னணியில் புதுப்பிக்கும் முறை போதும். 2010இல் வெளியான ஆர்எஃப்சி 5861 இதனை வகுத்துள்ளது. மூலபாடத்திற்கு அது போதாது. ஒவ்வொரு திருத்தத்திற்கும் பதிப்பெண்ணை முகவரியிலேயே சேர்த்துவிட்டால், பழைய பக்கம் எத்தனை காலம் சேமிப்பில் கிடந்தாலும் புதிய பதிப்பைக் கேட்பவருக்கு அது வந்து சேராது. பழைய மேற்கோளைச் சரிபார்க்க விழைபவருக்கும் மூல வழங்கியிலிருந்து அது கிடைக்கும்.