திறப்பு யாரிடம்?

ஆழிப்பேரலைக்குப் பின்னரான ஆண்டுகளில் நமது கரையோரத்தில் எத்தனையோ சங்கங்கள் புதிதாக முளைத்தன. எத்தனையோ சங்கங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. எனக்குத் தெரிந்த மூன்று சிற்றூர்களின் மரணாதாரச் சங்கங்களும் அவ்வாறு இணைக்கப்பட்டவையே. மூன்று கணக்குப் புத்தகங்களுக்குப் பதிலாக ஒன்று, மூன்று பொருளாளர்களுக்குப் பதிலாக ஒருவர், உதவி தருவோருக்கும் பேசுவதற்கு ஓர் ஆள் போதும் என்று காரணம் சொல்லப்பட்டது. அந்தக் கூட்டத்தில் கையுயர்த்தியவர்களில் நானும் ஒருவன்.

நான்காம் மாதத்தில், மூன்றில் மிகச் சிறிய ஊரில், இரவு பதினொரு மணியளவில் ஒரு தாய் கண்ணை மூடினார். பிள்ளைகள் பொருளாளரைத் தேடிச் சைக்கிளில் அடுத்த ஊருக்குப் போனார்கள். அவரோ மகளின் வீட்டுக்கு மட்டக்களப்புக்குப் போயிருந்தார். பெட்டகத்தின் திறப்பும் அவரோடு போயிருந்தது. பழைய ஒழுங்கில் அந்த ஊர்ச் சங்கப் பணம் சந்திக் கடைக்காரரிடம் இருந்தது. கதவைத் தட்டினால் எழுந்து வந்து எண்ணிக் கொடுத்துவிட்டு, விடிந்ததும் புத்தகத்தில் பதிவார். அன்று பிரேதப் பெட்டிக்கும் துணிக்கும் கடன் வாங்கித்தான் அடக்கம் நடந்தது. அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அந்த ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை.

இங்கிலாந்துத் திருச்சபையில் சேகரங்கள் இணைக்கப்படுவதைப் பற்றி வாசிக்க நேர்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் திறப்புத்தான். கத்தோலிக்க மக்கள் பங்கு என்பதை மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபையினர் சேகரம் என்பார்கள். அந்நாட்டில் ஏறத்தாழ 12,500 சேகரங்களும் 16,000 ஆலயங்களும் உள்ளன. ஆராதனைக்கு வருவோர் தொகையும் முழுநேரக் குருமார் தொகையும் பல பத்தாண்டுகளாகக் குறைந்து வருகின்றன. ஆலயங்களோ ஏறத்தாழ அப்படியே நிற்கின்றன. அவற்றுட் பல எழுநூறு, எண்ணூறு ஆண்டுப் பழமையான கற்கட்டடங்கள். ஒரு காலத்தில் ஊருக்கொரு குருவானவர் இருந்த நாட்டுப்புறத்தில் இன்று ஐந்து, ஆறு, சில இடங்களில் பத்துக்கு மேற்பட்ட ஆலயங்களை ஒருவரே பார்க்கவேண்டியிருக்கிறது.

இணைப்புக்கு அங்கே சட்டம் இருக்கிறது. 1968, 1983, 2011 ஆகிய ஆண்டுகளின் விதிகளின்படி, வரைவுத் திட்டம் வெளியிடப்பட்டு, அதை எதிர்க்கவோ ஆதரிக்கவோ எவரும் எழுதலாம். இணைப்பு இரு வகையானது. ஒன்றில், குருவானவர் மட்டும் பொதுவானவர். ஒவ்வொரு சேகரமும் தன் சேகர மன்றத்தையும் கணக்கையும் தனியாக வைத்திருக்கும். மற்றதில் சேகரங்களே கலைந்து ஒன்றாகிவிடும்: ஒரே மன்றம், ஒரே கணக்கு, ஒரே வருடாந்தக் கூட்டம். மேலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டாவது வகை இலகுவானது. குருவானவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆறு மன்றங்கள் இருந்தால் ஆறு மாலைகள் கூட்டத்துக்குப் போகவேண்டும். ஒன்றாகிவிட்டால் ஒரு மாலை போதும் அல்லவா?

ஆனால் மக்கள் தம் காணிக்கையை ஒரு மன்றத்துக்குப் போடுவதில்லை. ஓர் ஆலயத்துக்குப் போடுகிறார்கள். தம் தாய் தந்தையர் அடங்கிய நிலத்துக்கு, தாம் திருமுழுக்குப் பெற்ற தொட்டிக்கு, மழைக்கு ஒழுகும் தம் கூரைக்குப் போடுகிறார்கள். அது பொதுக் கணக்குக்குள் போய் வேறோர் ஊரின் கூரைக்குச் செலவாகும்போது முதலில் யாரும் சண்டை போடுவதில்லை. கொடுக்கும் கை மெல்லச் சுருங்குகிறது, அவ்வளவுதான். சேமக்காலை விடயம் இன்னும் நுட்பமானது. சேகரத்தில் வசிப்பவருக்கு, இடம் உள்ளவரை, அதன் சேமக்காலையில் அடக்கம் பெறும் உரிமை அங்கே உண்டு. சேகரம் பெரிதானால் உரிமையும் விரிகிறது, நிலம் விரிவதில்லை. எஞ்சியிருக்கும் சில அடி மண்ணை அயலூராருக்கும் திறந்துவிட்டோம் என்று அந்த ஊரின் முதியவர் நினைப்பதை எந்தத் தீர்மானத்தாலும் தடுக்க முடியாது.

அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் இதை ஓரளவு அறிந்தே இருந்தார்கள். சேகரங்கள் ஒன்றான பின்னரும், சேகர ஆலயம் என்ற தகுதியோடு நிற்கும் ஒவ்வோர் ஆலயத்துக்கும் இரண்டு ஆலயக் காவலர் தெரிவு செய்யப்படுகிறார்கள். பெரிய மன்றத்தின் கீழே ஒவ்வோர் ஆலயத்துக்கும் ஒரு சிறு மன்றம் அமைத்து, கட்டடப் பராமரிப்பு, சிறு செலவு போன்றவற்றை அதனிடம் விடவும் வழி இருக்கிறது. வழி இருப்பதும் அதைப் பயன்படுத்துவதும் வேறு வேறு. 2021இல் லெஸ்டர் மறைமாவட்டம் தன் 200க்கு மேற்பட்ட சேகரங்களை இருபதுக்குச் சற்று மேற்பட்ட பெரும் தொகுதிகளாக்கத் தீர்மானித்தது. அதே ஆண்டில் இலண்டனில், சேகரங்களைக் காப்பாற்றுங்கள் என்ற இயக்கமும் எழுந்தது.

புதிதாக இணைந்த சேகரத்துக்குப் போகும் குருவானவரின் ஞாயிற்றுக்கிழமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒன்பதரைக்கு ஓர் ஆலயம், பதினொன்றுக்கு அடுத்தது. மூன்றாவதில் மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும். நான்காவதில் மாலை வேளையில். தபாற்கந்தோர்ச் சுவரில் ஒட்டிய பஸ் நேர அட்டவணை போன்றது அது. எந்த ஞாயிறு எங்கே என்று கையில் தாளில்லாமல் யாருக்கும் தெரியாது. இரண்டு தரம் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மூன்றாம் தரம் வருவதில்லை. இதற்கு மருந்து மெதடிஸ்தரிடம் நெடுங்காலமாகவே இருக்கிறது. 1814இல் வில்லியம் ஆல்ட் மட்டக்களப்புக்கு வந்த நாள் தொட்டு இக்கரையில் மெதடிஸ்த ஊழியம் நடக்கிறது. ஒரு போதகருக்குப் பல ஆலயங்கள் என்பது அவர்களுக்கு விபத்தன்று. ஆதியிலிருந்தே அதுதான் ஒழுங்கு. பொதுநிலைப் பிரசங்கிமார் ஞாயிறுதோறும் எங்கே நிற்பார்கள் என்பது காலாண்டுத் திட்டத் தாளில் முன்கூட்டியே அச்சாகிவிடும். போதகர் வராத ஞாயிறும் அங்கே ஆராதனை ஞாயிறுதான்.

தென்னிந்தியாவில் இந்தப் பாடம் மிகப் பெரிய அளவிலே படிக்கப்பட்டது. திருநெல்வேலியில் ஒரே அங்கிலிக்கன் திருச்சபையின் இரண்டு மிஷனரிச் சங்கங்கள் அடுத்தடுத்த ஊர்களில் வேலை செய்தன. இடையன்குடி, நாசரேத், முதலூர் ஆகியன ஒன்றின் ஊர்கள். பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம் ஆகியன மற்றதின் ஊர்கள். 1877இல் ஒரே நாளில் இரண்டு துணைப் பேராயர்கள் அபிஷேகம் பெற்றார்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் ஒரு சங்கத்தின் சபைகளுக்கு, சார்ஜன்ற் மற்றச் சங்கத்தின் சபைகளுக்கு. ஒரே விசுவாசம், ஒரே ஜெபப் புத்தகம். ஆயினும் பணம் வந்த வழி இரண்டானதால் நிருவாகமும் இரண்டு! 1896இல் மோர்லி முதலாவது பேராயராகி மறைமாவட்டம் ஒன்றான பின்னரும் இரு சங்கங்களின் ஏற்பாடுகளும் நெடுங்காலம் தனித்தனியே நடந்தன. உபதேசத்தில் வேற்றுமை இல்லாத இடத்திலேயே இந்த நிலை.

அங்கே இடையூறுகளைத் தாங்கிச் சபைகளைக் காத்தவர் ஊரிலேயே குடியிருந்த உபதேசியார் என்பது என் எண்ணம். குருவானவர் மாதத்துக்கொரு முறை வந்து திருவிருந்து கொடுத்துப் போவார். மணியடிப்பது, காலை மாலை ஜெபம் நடத்துவது, நோயாளியைப் பார்ப்பது எல்லாம் உபதேசியார். உலைவைக்குமுன் பெண்கள் ஒதுக்கிய கைப்பிடி அரிசி சேர்ந்துதான் அங்கே பல சபைகளின் செலவு நடந்தது. அந்தக் கைப்பிடி அரிசியை எந்தத் தலைமையகக் கணக்காளரும் வாசலுக்கு வந்து வாங்கியிருக்க முடியாது.

1947 செப்ரெம்பர் 27ஆந் திகதி சென்னை புனித ஜோர்ஜ் பேராலயத்தில் அங்கிலிக்கன், மெதடிஸ்த, தென்னிந்திய ஐக்கிய சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு முடிவுக்கு வர இருபத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் வழி வந்த சபைகளும் அதிற் சேர்ந்து, குலேந்திரன் பேராயரின் கீழ் ஒரு மறைமாவட்டமாயின. இணைப்பின்போது ஒரு வாக்குறுதி எழுதப்பட்டது: எந்தச் சபை மீதும், அதன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஆராதனை முறையையோ ஊழியரையோ திணிப்பதில்லை. பேராயர் அபிஷேகம் பெறாத பழைய போதகர்கள் போதகர்களாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். இனிமேல் அபிஷேகம் பெறுவோர் மட்டும் பேராயர் கையால் பெறுவார்கள். ஒரு தலைமுறைக் காலத்துக்கு இரண்டும் அருகருகே இருக்கட்டும் என்று பொறுத்துக்கொண்டார்கள். அவசரப்படாத அந்தக் குணமே அந்த ஐக்கியத்தின் அச்சாணி என்பேன். அப்படியிருந்தும், ஆந்திராவின் நந்தியால் பகுதியில் அங்கிலிக்கன் மக்களில் ஒரு பிரிவினர் வெளியே நின்றார்கள். அவர்கள் வந்து சேர்ந்தது 1975இல். இலங்கையில் 1940களில் தொடங்கிய ஐக்கியப் பேச்சோ பல பத்தாண்டுகள் நீண்டும் கைகூடவில்லை.

நமது கரைக்குத் திரும்புவோம். பல கூட்டத்தார் ஒரு வணக்கத்தலத்தைச் சேர்ந்து நடத்துவது எப்படி என்று கேட்க நாம் கடல் தாண்டத் தேவையில்லை. தாய்வழிக் குடிமுறை இங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான சொத்து. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் அமர்வது இப்பகுதியின் பழைய மரபு. சிறிய குடியென்றாலும் அதற்கு ஓர் ஆசனம் உண்டு. கோயில்களில் திருவிழா நாட்கள் குடிகளுக்குப் பங்கிடப்பட்டிருக்கின்றன. இன்றைய இரவு இன்ன குடியின் திருவிழா என்றால் செலவும் அவர்களது, மரியாதையும் அவர்களது, மேளம் நன்றாக இல்லையென்றால் வசவும் அவர்களதே! இதில் வழக்கு வம்புகள் வராமலில்லை. சாதி, அந்தஸ்துப் போட்டிகளும் உண்டு. ஆனாலும் கோயில் ஒன்று, முறை பல என்ற கணக்கு அங்கே நிற்கிறது.

இதற்கு மாறான அனுபவமும் நம்மிடம் இருக்கிறது. ஒருகாலத்தில் கல்முனைப் பட்டின சபை, கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்குக் கிராம சபைகள் என நான்காக இருந்த பகுதி, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தோடு ஒரே சபைக்குள் வந்தது. பின்னர் அது மாநகர சபையாகவும் உயர்ந்தது. கரைவாகு தெற்கு என்பது சாய்ந்தமருது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2017இல், தனிச் சபை வேண்டுமென்று சாய்ந்தமருது மக்கள் கடையடைத்துத் தெருவில் இறங்கினார்கள். முன்னின்றது அவர்களது பள்ளிவாசல். 2020 பெப்ரவரியில் நகர சபைக்கான வர்த்தமானி வெளிவந்தது. அதே மாதத்திலேயே அது நிறுத்திவைக்கவும் பட்டது. மறுபுறத்தில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரித் தமிழர் தரப்பில் 2019இல் உண்ணாவிரதம் நடந்தது. யார் கேட்டது நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல இக்கட்டுரை வரவில்லை. அயலூர்க்காரர் அதைத் தமக்கு எதிரான செயலாகப் பார்த்ததற்கும் காரணங்கள் உண்டு. நான் கவனிப்பது ஒன்றைத்தான்: கோடு அழிந்து முப்பது ஆண்டுகளான பின்னரும், பழைய கிராம சபை எல்லை எது என்று தெரு முனையில் நிற்கும் எவரும் கைகாட்டுவார்.

ஆகவே, இணைந்த சேகரமோ சங்கமோ எதுவானாலும், பொறுப்பேற்பவர் முதலாண்டிலே செய்யவேண்டியது புதிய பெயர்ப்பலகை எழுதுவதன்று. ஒவ்வோர் ஊரிலும் திறப்பு யாரிடம் இருக்கிறது, சேமக்காலைப் பதிவு யாரிடம், எந்தப் பணம் எதற்கென்று கொடுக்கப்பட்டது, எந்த நாளை அவர்கள் விடவே மாட்டார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதுதான். கூரைக்கென்று தந்த காசு கூரைக் கணக்கிலேயே கிடக்கட்டும். பெரிய மன்றத்துக்கு ஊதியம், வங்கி, சட்ட விடயம் போதும். இது மந்தமான வழி. மேலதிகாரிக்கு அறிக்கை எழுதவும் வசதியில்லை. மூன்று ஊர்களுக்கு மூன்று சில்லறைக் கணக்குகளை ஆண்டு முடிவில் ஒப்புநோக்குவது பெரும் தலையிடி என்பதை நான் அனுபவித்தே சொல்கிறேன்.

ஏனெனில் எங்கள் மரணாதாரச் சங்கம் உடைந்துவிடவில்லை. இரண்டு மாத மனவருத்தத்துக்குப் பின் அந்தச் சிறிய ஊருக்கு நாங்கள் நால்வர் போனோம். இறந்த தாயின் மூத்த மகன்தான் பாய் விரித்துத் தேநீர் தந்தார். வங்கிக் கணக்கு ஒன்றாகவே இருக்கட்டும், ஒவ்வோர் ஊரிலும் ஓர் அடக்கச் செலவுக்குப் போதிய பணம் அந்தந்த ஊரிலேயே இருக்கட்டும், எடுத்ததை மூன்று நாளில் நிரப்பித் தருவோம் என்று பேசி முடித்தோம். பணத்தை யார் வைத்திருப்பது என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து வாசலுக்கு வந்து, சந்திக் கடையைக் காட்டினார்.