ஹெரால்டுக்குச் செட்டு வைப்பது

வெளியூர்க்காரர்கள் பலரும் கருணாபுரம் என்ற பெயரை 2024 ஜூன் மாதத்து விஷச்சாராயத் துயரச் செய்தியில்தான் முதன்முதலில் கேட்டிருப்பார்கள். இன்றைக்கு வேறு காரியமாக அங்கிருந்து கிளம்புவோம். கள்ளக்குறிச்சியின் அந்தத் தெருமுனையில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நல்ல செட்டு ஒன்று வைக்க வேண்டும். பிறகு கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறி, வெள்ளிமலை வரை பாட்டுக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

செட்டு வைக்க ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்கவில்லையா, ஹெரால்டுதானா என்று கார்ப் பைத்தியங்கள் சண்டைக்கு வரலாம். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டைத்தான் 1960களில் சென்னையை அடுத்த வண்டலூரில் 'ஸ்டாண்டர்டு' என்ற பெயரில் செய்தார்கள். அதே ஹெரால்டின் சேஸியைக் கொஞ்சம் குறுக்கி, அதே இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கேலோட்டியிடம் உடலை வரையச் சொல்லி, 1962இல் டிரையம்ஃப் வெளியிட்ட திறந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். நம் ஊர் ஹெரால்டுக்கு அது கூடப்பிறந்த தங்கை. அக்காவுக்குச் செட்டு வைக்கத் தெரிந்தவருக்குத் தங்கைக்கும் வைக்கத் தெரியும். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு, பிறகு வருகிறேன்.

கடைக்குப் போகும் முன் பேட்டரியைப் பாருங்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் வண்டியின் உடலோடு சேர்த்திருப்பார்கள். இன்றைய செட்டுகளின் தகரக் கூடும் ஏரியல் வயரின் மேலுறையும் நெகட்டிவ். அப்படிப்பட்ட வண்டியின் இரும்பு டாஷ்போர்டில் செட்டை முடுக்கினால் பாட்டுக்குப் பதில் புகைதான் வரும். வழி இருக்கிறது: பேட்டரியைத் திருப்பி வைத்து, இக்னிஷன் காயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். ஆனால் டைனமோ பழைய திசையிலேயே மின்சாரம் தருமே? அதற்குள் இருக்கும் இரும்பில், வண்டி நின்ற பிறகும் கொஞ்சம் காந்தம் தங்கியிருக்கும். அது எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் மின்சாரம் பிறக்கும். டைனமோவின் ஃபீல்டு முனையில் பேட்டரி வயரை ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும், அந்த எஞ்சிய காந்தம் திசை மாறிவிடும். பல வருடப் பழக்கத்தை ஒரு பொறியில் மறந்துவிடும் இரும்பு! விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.

அடுத்தது கதவு. இங்கேதான் பெரும்பாலானவர்கள் காசை வீணாக்குகிறார்கள். வீட்டில் உடைந்த டிவியிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். வயர் கொடுத்து, கையில் பிடித்தபடி ஒரு பாட்டை ஓட விடுங்கள். குரல் கேட்கும், தவில், பேஸ் கிட்டார் எதுவும் இருக்காது, கொசு பாடுவதுபோல் இருக்கும். இப்போது அட்டைப்பெட்டியின் பக்கத்தில் ஸ்பீக்கர் அளவுக்கு வட்டமாக ஓட்டை வெட்டி, அதன்மேல் ஸ்பீக்கரை அழுத்திப் பிடியுங்கள். எங்கிருந்தோ 'தும் தும்' என்று வந்து சேரும். ஆம்பும் அதேதான், ஸ்பீக்கரும் அதேதான்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் உறிஞ்சுகிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியில் ஒரு தள்ளலுக்கு 5 மில்லிநொடி ஆகும். அதற்குள் ஒலி 1.7 மீட்டர் ஓடிவிடும். ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றி முன்னாலிருந்து பின்னால் போக பத்து சென்டிமீட்டர்தான். தள்ளிய காற்று ஓடிப்போய் உறிஞ்சிய இடத்தை நிரப்பிவிடுகிறது; காதுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. மேல்ஸ்தாயி ஒலிகளின் அலை குறுகியது என்பதால் அவை தப்பிவிடுகின்றன. அட்டை செய்ததெல்லாம் இரண்டு பக்கத்துக்கும் நடுவே சுவர் எழுப்பியதுதான்.

கார் கதவின் உள்தகட்டில், கண்ணாடி ஏற்றும் எந்திரத்தைக் கழற்ற வசதியாகக் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். மேலே ஒரு மெல்லிய அட்டையும் ரெக்ஸினும். ஆக, ஸ்பீக்கருக்குச் சுவரே இல்லை. அந்த ஓட்டைகளை மூடிவிட்டால், பழைய ஸ்பீக்கரே புதிதாகப் பேசும். வெளித்தகட்டை விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள்: 'டங்' என்று நீளும். அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட்டை உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டிவிட்டுத் தட்டினால் 'தொப்' என்று நின்றுவிடும். மிருதங்கக்காரர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். கச்சேரிக்கு முன் தொப்பி எனப்படும் இடப்பக்கத்தின் நடுவில் ரவைப் பசையை அப்புகிறார்களே, அந்தக் கனம் தோலின் அதிர்வை மெதுவாக்கிச் சுருதியைக் கீழே இறக்குகிறது. ரப்பர் ஷீட் கனமும் கூட்டும், அதற்கு மேல் அதிர்வைத் தனக்குள் வெப்பமாகக் கரைத்தும் விடும். ஊசித் தலையளவுகூட உணர முடியாத வெப்பம். ஆனால் கதவு வாயை மூடிக்கொள்ள அது போதும்.

இனி வாட்ஸ். செட்டுப் பெட்டியில் '50 வாட்ஸ் x 4' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி ஓடும்போது செட்டுக்குக் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் தடை 4 ஓம். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 51.8. பெட்டியில் உள்ள எண் வந்துவிட்டதல்லவா? ஆனால் இது ஒலியலையைக் கத்தரித்துச் சதுரமாக்கி, காது கூசும் இரைச்சலாக அலறவிட்டால் வரும் கணக்கு. வளைந்து ஏறி இறங்கும் உண்மையான அலைக்கு அதில் பாதி, 26 வாட்ஸ். உள்ளே வீணாவது போகக் கைக்கு வருவது 20 வாட்ஸை ஒட்டித்தான். பொய் என்று சொல்ல முடியாது, மெய் என்றும் சொல்ல முடியாது. மைக்செட்காரர்களிடம் இந்தத் தந்திரம் செல்லாது.

இதைவிட வேடிக்கை நம் காது. சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது என்று காது ஒப்புக்கொள்ள, வாட்ஸ் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். 20 வாட்ஸை 40 ஆக்கினால் 'ஏதோ கூடின மாதிரி இருக்கு' என்போம், அவ்வளவுதான். கதவிலும் தரையிலும் ரப்பர் ஒட்டி வண்டிக்குள் வரும் இரைச்சலை மூன்று டெசிபெல் குறைத்தாலும் 20 வாட்ஸை 40 ஆக்கிய அதே ஆதாயம்தான், அதுவும் பேட்டரியைத் தொடாமல். என் யோசனை, முதல் ஆயிரம் ரூபாயை ஆம்புக்கல்ல, ரப்பருக்குக் கொடுங்கள்.

அக்காவுக்கும் தங்கைக்கும் உள்ள வித்தியாசம் கூரை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஹெரால்டின் மொத்த நீளமே நாலு மீட்டர் தேறாது. மூடிய வண்டிக்குள் அவ்வளவு பெரிய அலைக்கு இடமில்லை. அதனால் ஸ்பீக்கர் ஒவ்வொரு முறை அசையும்போதும் உள்ளிருக்கும் காற்று முழுவதும் ஒரே மூச்சாக அழுந்தி விரிகிறது, சைக்கிள் பம்பு போல. கீழ்ஸ்தாயி இனாமாகவே கூடிவிடும். ஸ்பிட்ஃபயரின் துணிக்கூரையை மடக்கியதும் அந்த இனாம் வானத்துக்குப் போய்விடும். திறந்த ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் சீட்டுக்கு அடியில் தனியாக ஊஃபர் தேடுவது இதனால்தான்.

பாடகர் ஏன் டிரைவர் பக்கத்துக் கதவுக்குள்ளேயே உட்கார்ந்து பாடுகிறார்? வலது ஸ்பீக்கர் இடது ஸ்பீக்கரைவிட உங்களுக்கு அரை மீட்டர் பக்கம். அதன் ஒலி ஒன்றரை மில்லிநொடி முந்தி வருகிறது. முந்தி வந்த திசையையே மூளை நம்பிவிடுகிறது. இன்றைய செட்டுகள் பலவற்றில் வலது பக்கத்தை அந்த ஒன்றரை மில்லிநொடி நிறுத்தி வைக்கும் வசதி உண்டு. போட்டதும் பாடகர் நகர்ந்து டாஷ்போர்டின் நடுவே வந்துவிடுவார். அந்த டாஷ்போர்டைத் தயவுசெய்து அறுக்காதீர்கள். இன்று ஆம்பு ஒரு டிபன் டப்பா அளவுதான். சீட்டுக்கு அடியில் வைத்து, போனிலிருந்து புளூடூத்தில் பாட விடலாம். பழைய ரேடியோ அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

ரேடியோவுக்கு மலைப்பாதையில் வேலை இருக்கிறது. எஃப்எம் அலையின் நீளம் சுமார் மூன்று மீட்டர். கார் ஏரியல் முக்கால் மீட்டர் இருப்பது அதில் கால்வாசி என்பதற்காகத்தான். மூன்று மீட்டர் அலைக்குக் கல்வராயன் மலை ஒரு மதில். வளைவு திரும்பியதும் நிழலில் விழுந்து பாட்டு கரகரக்கும். திருச்சி வானொலியை மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அலையின் நீளம் தெரியுமா? 320 மீட்டர். அவ்வளவு நீண்ட அலை மேட்டைத் தழுவிக்கொண்டு பின்பக்கமும் இறங்கும்.

அந்த மத்திய அலையில் பழைய வண்டிகளில் பாட்டோடு ஒரு 'டிக் டிக்' சத்தமும் கேட்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வேகமெடுக்கும். மார்க்கோனி தன் முதல் செய்திகளை அனுப்பியது மின்பொறியால்தான்; பொறி பறக்கும் இடமெல்லாம் ரேடியோ அலை பிறக்கும். ஹெரால்டின் நாலு ஸ்பார்க் பிளக்கும் நாலு குட்டி ஒலிபரப்பு நிலையங்கள். உள்ளே கார்பன் இழை ஓடும், மின்தடை கூடிய பிளக் வயர்களைப் போட்டால் பெருமளவு அடங்கிவிடும். நான் போடச் சொல்ல மாட்டேன். கோமுகி அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் நிலையம் மங்க மங்க, இரண்டாவது கியரில் முனகும் இன்ஜின் தன் நிகழ்ச்சியை இன்னும் உரக்க ஒலிபரப்பும். வெள்ளிமலை போய்ச் சேரும்வரை அது எந்த வளைவிலும் அறுபடாது.