மஞ்சள் முக்கோணமும் உப்புக் காற்றும்

வடசென்னையின் எர்ணாவூரில் ஒரு கம்ப்யூட்டர் வேலையின் நடுவே பொசுக்கென்று அணைந்து, தானாகவே மறுபடி எழுந்தால் முதல் பழி விண்டோஸ் மீதுதான் விழும். “ஓ.எஸ். போயிருக்கும், ஃபார்மேட் அடிச்சிடலாம்” என்பது டிரெய்லர் லாரி ஆபீஸ்களிலும் துறைமுகச் சரக்குக்கு பில் போடும் சிறு கடைகளிலும் சட்டென்று வந்து விழும் தீர்ப்பு. கொஞ்சம் விவரம் தெரிந்தவர், விண்டோஸின் பதிவேட்டைக் காட்டும் ‘இவென்ட் வியூவர்’ திறந்து பார்ப்பார். அங்கே சிவப்பு வட்டங்களும் மஞ்சள் முக்கோணங்களும் நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும். பார்த்தவருக்கு நெஞ்சு பதறும்.

பதற வேண்டாம். நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் இதே வரிசை இருக்கும்.

அடிக்கடி கண்ணில் படுவது 10016 என்ற எண். விண்டோஸின் ஒரு பகுதி இன்னொன்றிடம் அனுமதி கேட்கிறது, கிடைக்கவில்லை, வேறு வழியில் கேட்டு வாங்கிக்கொள்கிறது. முதல் மறுப்பு மட்டும் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. இது வடிவமைப்பிலேயே உள்ளதுதான், கண்டுகொள்ளாமல் விடலாம் என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. ஒரு பதிவைச் சந்தேகிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடிய நாட்களிலும் இது வந்ததா? வந்திருந்தால், நேற்று மாலை அணைந்ததற்கு அதைக் காரணமாக்க முடியாது.

‘கெர்னல்-பவர் 41’ கதை வேறு. இதற்கு ‘கிரிட்டிக்கல்’ என்ற முத்திரையே உண்டு. ஆனால் அது எழுதப்படுவது கம்ப்யூட்டர் அணையும்போது அல்ல, மறுபடி எழுந்த பிறகு. ‘முறைப்படி மூடப்படாமல் நின்றிருக்கிறேன்’ என்பதைத் தவிர அதற்கு எதுவும் தெரியாது. அதைக் காரணமாக நினைத்து டிரைவரை மாற்றுவதும் ஓ.எஸ். போடுவதும் காசுக்கும் நேரத்துக்கும் கேடு. ஆனாலும் அந்தப் பதிவின் உள்விவரத்தில் உருப்படியான ஒரு துப்பு உண்டு. ‘பக்செக் கோட்’ என்ற நீலத் திரைப் பிழை எண்ணின் இடத்தில் பூஜ்யம் இருந்தால், நீலத் திரை போடக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது மென்பொருளை விட்டுவிட்டு முதலில் கரண்டைப் பார்ப்பதே நல்லது: எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ்., பிளக் பாயின்ட், சூடு.

பில் போடும் கடைகளில் இதற்கு நல்ல உதாரணம் லேசர் பிரின்டர். தாளில் மையை உருக்கிப் பதிக்கும் உருளையைச் சூடாக்க அது ஒரே மூச்சில் பல நூறு வாட் இழுக்கும். 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குவது பெரும்பாலும் 360 வாட் வரைதான். கம்ப்யூட்டரையும் பிரின்டரையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் செருகி, பேட்டரியும் பழசாகிவிட்டால், பிரின்ட் கொடுக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அணையும். லேசர் பிரின்டரை யு.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள் என்று யு.பி.எஸ். தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். இந்தக் கோளாறுக்கு எத்தனை தடவை ஃபார்மேட் அடித்தாலும் பலன் இருக்காது.

பக்செக் எண் பூஜ்யமாக இல்லாவிட்டால் தேடல் சுலபமாகும், நீலத் திரையே காரணத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடும். 2024 ஜூலை 19 காலை சென்னை உட்பட இந்திய விமான நிலையங்கள் திணறி, போர்டிங் பாஸைக் கையால் எழுதிக்கொடுத்த நாள் நினைவிருக்கும். உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் விழுந்தன. அந்தத் திரையிலும், கம்ப்யூட்டர் விட்டுச்சென்ற ‘டம்ப்’ கோப்பிலும் கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர் கோப்புப் பெயரே இருந்தது.

எர்ணாவூருக்கென்று இன்னொரு சந்தேகப் புள்ளி உண்டு, அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், அருகிலேயே நிலக்கரியும் மணலி ஆலைகளும். உப்பும் தூசும் ஈரமும் சேர்ந்து போர்டில் படிகின்றன. மைக்ரோசாஃப்டின் 9 தரவு மையங்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வு, வெப்பத்தைவிட ஈரப்பதமே டிஸ்க்குகளை அதிகம் கெடுப்பதாகக் கண்டது. பழுது பெரும்பாலும் டிஸ்க்கின் கட்டுப்பாட்டுச் சுற்றிலும் இணைப்பிலும் இருந்தது. ரேமைக் கழற்றி, அதன் முனைகளை ரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்ப மாட்டும் சர்வீஸ்காரரைச் சிலர் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. இந்தக் கடற்கரையில் அவர் செய்வது பொருத்தமான வேலை.

மறுபடி இவென்ட் வியூவருக்கு வருவோம். எச்சரிக்கைகள் மிகுந்தால் உண்மையானது அவற்றுக்குள் புதைந்துபோகும். இங்கிருந்து மணலி ஆலைகளுக்கு ஷிப்ட் போகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவன் டெக்சாகோ சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. அதற்கு முந்தைய 11 நிமிடங்களில் அங்கிருந்த இரண்டு ஆபரேட்டர்கள் முன் 275 அலாரங்கள் வந்து குவிந்தன. எதை முதலில் பார்ப்பது? 26 பேர் காயமடைந்தார்கள். அலாரங்களை முக்கியத்துவப்படி பிரித்துக் குறைப்பது உலகெங்கும் ஆலைகளின் பாடமாகியது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இதே குழப்பத்தைக் காசாக்கும் கும்பல்களும் உண்டு. மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுவதாகப் போன் செய்து, இவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்லி, அதில் தெரியும் தீங்கற்ற சிவப்பு வட்டங்களை ‘வைரஸ்’ என்று மிரட்டிப் பணம் பறிப்பது அவர்கள் வழி. 2012-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் இத்தகைய கும்பல்கள் மீது வழக்குப் போட்டது. அவற்றில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து இயங்கியவை. இது நம் நாட்டுக்கு வந்த அவமானம்.

சரி, எதற்குத்தான் பயப்படுவது? ‘டிஸ்க்’ என்ற பெயரில் வரும் 7, 153 ஆகிய எண்களுக்கு. முதலாவது டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதி இருப்பதைச் சொல்லும். இரண்டாவது, டிஸ்க் பதில் தராமல் மறுபடி கேட்க வேண்டியிருந்ததைச் சொல்லும். 153-க்கு வெறும் மஞ்சள் முக்கோணம்தான், ஆனால் 41-இன் சிவப்பைவிட அதுவே அவசரம். இந்த எண்கள் திரும்பத் திரும்ப வந்தால் கணக்குக் கோப்புகளை அன்றைக்கே வேறொரு டிரைவில் நகல் எடுத்துவிட வேண்டும். பிறகு கேபிளை மாற்றிப் பார்க்கலாம். அதன் பிறகும் வந்தால் டிஸ்க்கையே மாற்ற வேண்டியதுதான்.