எந்த உலாவி நமக்கு ஏற்றது? – வீட்டுக் கணக்குப் பார்ப்பதுபோல் ஓர் ஒப்பீடு

ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தவர்கள் நாம். இன்று அந்த நிலை மாறிவிட்டது. பிரித்தானியாவில் உள்துறை அமைச்சு வழங்கிவந்த வதிவிட அட்டைகளில் பெரும்பாலானவை 2024 டிசெம்பர் 31 உடன் காலாவதியாகின. அவற்றின் இடத்துக்கு ஈ-விசா எனப்படும் இணையக் கணக்கு வந்திருக்கிறது. வேலை தருபவரோ வீட்டுச் சொந்தக்காரரோ கேட்டால், அந்தக் கணக்கினுள் சென்று 90 நாள்கள் செல்லுபடியாகும் குறியீடொன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். வங்கி, வரி, மருத்துவரின் நேரம், பிள்ளைகளின் பாடசாலை அறிவித்தல் என்று மற்றவையும் ஒவ்வொன்றாக இணையத்துக்குள் போய்விட்டன. வேறு நாடுகளில் வாழும் நம்மவருக்கும் அலுவலகங்களின் பெயர்தான் வேறு; நிலைமை பெரும்பாலும் இதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் நாம் போகும் வாசல் உலாவி. ஆனால் நமது வீடுகளில் அதை யாரும் தெரிவுசெய்வதில்லை. கணினியோடு வந்தது, அல்லது மகன் பதிந்து தந்தது, அப்படியே பாவனையில் இருக்கும். வங்கிக் கணக்குத் திறக்க மூன்று வங்கிகளை விசாரிக்கும் நாம், அந்தக் கணக்கைத் திறக்கும் கதவைப் பற்றி விசாரிப்பதில்லை. இக்கட்டுரையில் அதைத்தான் விசாரிக்கிறோம்.

உலாவி செய்யும் வேலை

இணையத்தளம் ஒன்று நம்மிடம் வரும்போது வெறும் குறிமுறையாகவே வருகிறது. அதை எழுத்தாகவும் படமாகவும் மாற்றித் திரையில் காட்டுவது உலாவி. உலகின் முதல் உலாவியை ரிம் பேர்னர்ஸ்-லீ 1990 இல் எழுதினார். எழுதிய இடம் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடம். நீதி கேட்டு நாம் ஐ.நா. முன்றலில் கூடும் அதே ஜெனீவாதான். பின்னர் 1994 இல் நெற்ஸ்கேப், 1995 இல் இன்ரநெற் எக்ஸ்புளோரர், 2003 இல் சபாரி, 2004 இல் பயர்பொக்ஸ், 2008 இல் குரோம் என்று வரிசையாக வந்தன. நம்மில் பலர் முதன்முதலாகப் பழகிய இன்ரநெற் எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசொப்ட் 2022 யூன் 15 இல் ஓய்வு கொடுத்துவிட்டது.

அந்தக் காலத்தில் தமிழ்ச் செய்தித் தளங்களை வாசிக்கப் பாமினி போன்ற எழுத்துருவைத் தனியாகத் தரவிறக்க வேண்டியிருந்தது நினைவிருக்கும். எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கும். யூனிகோட் பரவிய பின் அந்தத் தொல்லை நீங்கியது. இன்று எல்லா முக்கிய உலாவிகளிலும் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. எனவே நமது தெரிவு வேறு காரணங்களில் தங்கியிருக்கிறது.

பெயர் பல, இயந்திரம் மூன்று

கடையில் பத்துப் பெயரில் அரிசி இருந்தாலும் ஆலை இரண்டு மூன்றுதான் என்பதுபோல, உலாவிகளுக்குள்ளும் இயந்திரம் மூன்றே மூன்று. குரோம், எட்ஜ், ஒப்பரா, பிரேவ் ஆகிய நான்கும் கூகிள் முன்னின்று வளர்க்கும் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் ஓடுகின்றன. அப்பிளின் சபாரி வெப்கிற்றில் ஓடுகிறது. பயர்பொக்ஸ் தனது சொந்த இயந்திரமான கெக்கோவில் ஓடுகிறது. உலகில் நடக்கும் இணையப் பாவனையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குரோம் வழியாகவே நடக்கிறது.

ஐபோனில் இன்னொரு விடயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 முதல் வேறு இயந்திரங்களுக்குச் சட்டம் இடமளித்தாலும், ஐபோனில் குரோம், பயர்பொக்ஸ் என்று எதைப் பதிந்தாலும் உள்ளே ஓடுவது பெரும்பாலும் அப்பிளின் வெப்கிற்தான். ஆகவே அங்கே உலாவியை மாற்றுவதால் கிடைக்கும் வித்தியாசம் குறைவு.

காசு எங்கிருந்து வருகிறது?

எந்த நிறுவனத்தின் கணக்கைப் பார்த்தாலும் கணக்காளர்கள் முதலில் கேட்பது, வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதே. உலாவிகள் எல்லாம் இலவசம். ஆயிரக்கணக்கான பொறியியலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் ஒரு பொருள் இலவசமாகக் கிடைத்தால், செலவை யாரோ வேறொரு வரவில் ஈடுசெய்கிறார்கள்.

கூகிளின் பெரும் வருமானம் விளம்பரம். நாம் எதைத் தேடுகிறோம், எதை வாசிக்கிறோம் என்று தெரிந்தால் விளம்பரத்தின் விலை கூடும். அப்பிள் தனது பொருள்களை விற்றுச் சம்பாதிக்கிறது. ஆனாலும் சபாரியில் கூகிளை முதன்மைத் தேடுபொறியாக வைத்திருப்பதற்காக 2022 இல் மட்டும் ஏறத்தாழ 2,000 கோடி அமெரிக்க டொலர்களைக் கூகிளிடமிருந்து பெற்றது. அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றில் இத்தொகை வெளிவந்தது. பயர்பொக்ஸை நடத்தும் மொசில்லா, இலாப நோக்கற்ற அறக்கட்டளை ஒன்றுக்குச் சொந்தமானது. அதன் வருமானத்தின் பெரும்பகுதியும் இதேபோன்ற தேடல் ஒப்பந்தத்தின் மூலம் கூகிளிடமிருந்தே வருகிறது. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கும் வியாபாரம் எவ்வளவு ஆபத்தானது என்பது கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பயர்பொக்ஸின் பெரிய பலவீனம் அதுவே.

2024 ஓகஸ்டில், தேடுபொறிச் சந்தையில் கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைப் பேணியது என்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். 2025 செப்ரெம்பரில் வந்த அடுத்த தீர்ப்பில், குரோமை விற்க வேண்டியதில்லை என்றும், இப்படியான கொடுப்பனவுகள் தொடரலாம், ஆனால் மற்றவர்களை முற்றாக ஒதுக்கும் ஒப்பந்தங்கள் செய்யக்கூடாது என்றும் சொன்னார்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

குரோம்: வேகமானது, பாதுகாப்புத் திருத்தங்கள் உடனுக்குடன் வரும். ஜேர்மன், நோர்வேஜிய மொழிப் பக்கங்களை ஒரு சொடுக்கில் தமிழுக்கு மாற்றிக் காட்டும். அலுவலக மொழி வசப்படாத பெரியவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் மொழிபெயர்ப்பதற்கு அந்தப் பக்கத்தின் எழுத்து கூகிளுக்குப் போகிறது என்பதை மறக்கக்கூடாது. வழக்கறிஞரின் கடிதம், மருத்துவ அறிக்கை போன்றவற்றை அப்படி மாற்ற முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். தளத்துக்குத் தளம் நம்மைப் பின்தொடரும் பிற நிறுவனங்களின் குக்கிகளை நிறுத்தப்போவதாகப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த கூகிள், 2024 இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. வலுவான விளம்பரத் தடுப்பு நீட்சியான யூபுளொக் ஒரிஜினும் புதிய விதிகளால் குரோமில் இயங்காமல் போனது; மெலிந்த பதிப்பு மட்டுமே இப்போது உண்டு.

எட்ஜ்: விண்டோஸ் கணினியோடு வருவது. போலித் தளங்களைப் பற்றி நன்றாக எச்சரிக்கும். தமிழ்ப் பக்கங்களை உரக்க வாசிக்கும் வசதியும் இதில் இருக்கிறது. அதில் இலங்கைத் தமிழ்க் குரலையும் தெரிவுசெய்யலாம். கண்பார்வை குறைந்த அப்பா அம்மாவுக்கு இதைக் காட்டிக் கொடுங்கள். குறை என்னவென்றால், மைக்ரோசொப்டின் தேடுபொறி, செய்தி, கடைச் சலுகை என்று எதையாவது முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும்.

சபாரி: அப்பிள் சாதனங்களில் மட்டும். மின்கலத்தை அதிகம் தின்னாது. பிற நிறுவனங்களின் குக்கிகளை 2020 முதல் முற்றாகத் தடுத்துவருகிறது. ஐபோனோ மக் கணினியோ வைத்திருப்பவர்களுக்கு நல்ல தெரிவு.

பயர்பொக்ஸ்: 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனிப் பெட்டியில் பூட்டி வைக்கிறது, ஒரு தளத்தின் குக்கியை வைத்துக்கொண்டு அடுத்த தளத்தில் நம்மை அடையாளம் காண்பது கடினமாகிறது. யூபுளொக் ஒரிஜின் இதில் முழுமையாக இயங்குகிறது, அன்ரொயிட் தொலைபேசியிலும்கூட. மொழிபெயர்ப்பைக் கணினிக்குள்ளேயே செய்கிறது, எழுத்து வெளியே போவதில்லை. ஆனால் மொழிகளின் எண்ணிக்கை குரோமைவிடக் குறைவு. சில தளங்கள் இதில் சரியாக ஓடாமல் அடம்பிடிக்கும். 2025 பெப்ரவரியில் பாவனை விதிகளை மாற்றியபோது, 'உங்கள் தரவை விற்கமாட்டோம்' என்ற பழைய உறுதிமொழியை மொசில்லா நீக்கியதும் விமர்சனத்துக்குள்ளானது. பின்னர் சில சொற்களைத் திருத்தினார்கள்.

பிரேவ்: ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கிய பிரெண்டன் ஐக் இணைந்து தொடங்கியது. விளம்பரத் தடுப்பு உள்ளேயே இருக்கிறது. மின்நாணயம் சார்ந்த வசதிகளும் கூடவே வருவதால் பெரியவர்கள் குழம்பக்கூடும். ஒப்பரா: நோர்வேயில் பிறந்தது, 2016 இல் சீன முதலீட்டாளர் குழுவொன்று வாங்கியது. நல்ல வசதிகள் பல இருந்தாலும், நமது தேவைக்கு மற்ற நான்குமே போதும்.

'மறைவு' என்ற மயக்கம்

மறைவுச் சாளரத்தைத் திறந்தால் யாருக்கும் தெரியாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது செய்வதெல்லாம், நாம் பார்த்தவற்றின் பட்டியலையும் குக்கிகளையும் அந்தக் கணினியில் மிச்சம் வைக்காமல் விடுவது மட்டுமே. வீட்டில் அடுத்து வந்து அமர்பவருக்குத் தெரியாது. நாம் போன தளத்துக்கும் இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்துக்கும் தெரியும். பிரித்தானியாவில் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இணைப்புப் பதிவுகளை 12 மாதங்கள் வரை வைத்திருக்குமாறு அந்நிறுவனங்களுக்கு அரசு கட்டளையிடலாம். மறைவுச் சாளரத்திலும் தரவு சேகரிக்கப்பட்டது என்று கூகிளுக்கு எதிராக 2020 இல் தொடரப்பட்ட வழக்கு, 2024 இல் கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கக் கூகிள் உடன்பட்டதோடு இணக்கத்துக்கு வந்தது. ஊரில் உறவுகளை வைத்துக்கொண்டு அரசியல் வாசிக்கும் நமக்கு இந்த வேறுபாடு முக்கியம். எந்த உலாவியும் ஒளிந்துகொள்ளும் இடம் அல்ல.

முகவரிக்குப் பக்கத்தில் தெரிந்த பூட்டுச் சின்னமும் இப்படித்தான். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதே அதன் பொருள். மறுபக்கத்தில் இருப்பவர் நேர்மையானவர் என்பது அல்ல. மோசடித் தளங்களும் பூட்டோடுதான் வருகின்றன. மக்கள் தவறாக விளங்கிக்கொள்வதாலேயே குரோம் 2023 இல் அச்சின்னத்தை எடுத்துவிட்டது.

நமது தெரிவு

கல்லாப்பெட்டிக் காசையும் வீட்டுச் செலவுக் காசையும் ஒன்றாகப் போட்டால் எந்தக் கணக்கும் தேறாது. உலாவிக்கும் இதையே சொல்லுவோம்: ஒரு வீட்டுக்கு இரண்டு உலாவி.

அன்றாடப் பாவனைக்கு, அதாவது செய்தி, முகநூல், யூரியூப், சமையற் குறிப்பு, மரண அறிவித்தல் எல்லாவற்றுக்கும், நாம் தெரிவுசெய்வது பயர்பொக்ஸ். அதில் யூபுளொக் ஒரிஜின். நம்மைப் பின்தொடர்வதால் நேரடி இலாபம் பெறும் விளம்பர வியாபாரம் அதன் பின்னால் இல்லை; தனி இயந்திரமும் ஒன்று உயிரோடு இருக்கும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறோம்: நமது தமிழ்ச் செய்தித் தளங்கள் விளம்பரத்தால்தான் உயிர் வாழ்கின்றன. நீங்கள் நம்பி வாசிக்கும் தளங்களுக்கு அந்தத் தடுப்பை நிறுத்திவிடுங்கள், ஒரு சொடுக்குத்தான்.

வங்கி, வரி, விசா ஆகியவற்றுக்குக் கணினியோடு வந்த உலாவி போதும்: விண்டோஸில் எட்ஜ், மக்கிலும் ஐபோனிலும் சபாரி. அதில் எந்த நீட்சியையும் பதியாதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் பல நீட்சிகள் நாம் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் வாசிக்க அனுமதி கேட்டு வாங்கிக்கொள்கின்றன. வங்கியையும் அரசுத் தளங்களையும் தேடுபொறியில் தேடிப் போகாமல், சரியான முகவரியை ஒருமுறை அடையாளக்குறியாகச் சேமித்து அதன் வழியாகவே போங்கள். தேடலில் மேலே வருவது காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கலாம். பிரித்தானிய அரசுத் தளமென்றால் தளப்பெயரின் முடிவில், முதற் சாய்கோட்டுக்கு முன், 'கவ் டொட் யூகே' என்றிருக்க வேண்டும்.

இந்த வார இறுதியில் செய்யக்கூடியவை

பயர்பொக்ஸைப் பதிந்ததும், குரோமில் உள்ள அடையாளக்குறிகளையும் கடவுச்சொற்களையும் தானே எடுத்துத் தருவதாகக் கேட்கும். அடையாளக்குறிகளை எடுங்கள், வங்கி, விசா கடவுச்சொற்களை விட்டுவிடுங்கள். பிறகு அமைப்புகளுக்குள் சென்று முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை வையுங்கள். அது இல்லாவிட்டால் கணினி முன் அமரும் எவரும் சேமித்த கடவுச்சொற்களைப் பார்க்கலாம்.

ஒரே கணினியைப் பலர் பாவித்தால் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்குத் திறந்து கொடுங்கள். ஒருவருடைய கணக்கில் எல்லோரும் இருந்தால், தாத்தா தேடியது பேரனின் தொலைபேசியிலும் தெரியும்.

பெரியவர்களின் உலாவியில் 'அறிவித்தல் அனுப்பலாமா' என்று தளங்கள் கேட்கும் வசதியை முற்றாக நிறுத்திவிடுங்கள். 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று மூலையில் வந்து பயமுறுத்தும் செய்திகளில் பல, அவர்கள் எப்போதோ 'ஆம்' என்று அழுத்தியதால் வருபவை. அதில் உள்ள இலக்கத்துக்கு அழைத்துச் சேமிப்பைப் பறிகொடுப்பதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எந்த உலாவியானாலும் புதுப்பித்தலைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்துவிட்டது. அதன் மேலும் உலாவிகள் தொடர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. ஆனாலும் விசாவையும் வங்கியையும் திறக்கும் கணினி பழையதென்றால், அடுத்த பெரிய செலவாக அதைக் குறித்து வையுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு மணித்தியாலம் போதும். வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை இருந்தால் அவரையும், விசாக் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரையும் சேர்த்து இருத்திச் செய்யுங்கள். கடவுச்சொல் பிள்ளைக்கு மட்டும் தெரிந்து, உரியவருக்குத் தெரியாமல் இருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. அதை முதலில் சரிசெய்யுங்கள். உலாவி அதற்குப் பிறகு.