மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பின் வரும் காய்ச்சல்

மலேசியாவின் முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1975-இல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் நடந்தது. இன்று செராஸ் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை போன்ற இடங்களில் சிகிச்சை பெற்று, டயாலிசிஸிலிருந்து மீண்டவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் இருக்கிறார்கள். புதிய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் காக்கும் மருந்துகளே உள்ளே உறங்கும் வைரஸ்களுக்கும் வழிவிடும் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலில் கவனிக்க வேண்டியது சைட்டோமெகலோ வைரஸ். பெரும்பாலான பெரியவர்களின் உடலில் இது சத்தமின்றி இருக்கும். சிறுநீரகம் தந்தவரிடம் வைரஸ் இருந்து, பெற்றவருக்கு அது முன்பு தொற்றியதே இல்லையென்றால் ஆபத்து மிக அதிகம். காய்ச்சல், களைப்பு, வயிற்றுப்போக்கு, வெள்ளணுக் குறைவு என்று வெளிப்படும். ரத்தக் குழாயின் உட்சுவரிலும் இது குடியேறி அழற்சியை உண்டாக்கும். சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதோடும் குழாய்கள் குறுகுவதோடும் இதற்குத் தொடர்புண்டு என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதோடு, நிராகரிப்பைத் தடுக்கத் தரும் டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்கெனவே உயர்த்துகின்றன. மாற்று சிகிச்சை பெற்றவர்களின் உயிரைப் பறிப்பவற்றுள் இதய, ரத்தக்குழாய் நோய்கள் முன்வரிசையில் நிற்பதை மறக்கலாகாது.

வால்கான்சிக்ளோவிர் மாத்திரையைச் சில மாதங்கள் கொடுத்துத் தடுப்பது வழக்கம். அதை நிறுத்திய பிறகும் தொற்று தலைகாட்டலாம். அப்போது ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்க்க வேண்டும். உங்கள் ஆபத்தின் அளவை அறிய, தந்தவருக்கும் உங்களுக்கும் இந்த வைரஸ் இருந்ததா என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் சிகிச்சைத் தகவல். கேட்பது உங்கள் உரிமை.

மலேசியாவில் டிங்கிக் காய்ச்சலும் உண்டு. அதன் வைரஸும் ரத்தக் குழாய்களைப் பாதிக்கும், அவற்றைக் கசியவைக்கும். காய்ச்சலுக்கு இபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்கினால் சிறுநீரகமும் கெடலாம், ரத்தக் கசிவும் கூடலாம். பக்கத்துக் கிளினிக்குக்குப் போனாலும் முதல் வாக்கியமாக, "எனக்குச் சிறுநீரகம் மாற்றியிருக்கிறது" என்று சொல்லுங்கள். உணவிலும் கவனம் வேண்டும்: பம்பளிமாஸ் பழம் வேண்டாம். டாக்ரோலிமஸ் அளவை அது ஏற்றிவிடக்கூடும்.

வெளிநாட்டில் பணம் கொடுத்துச் சிறுநீரகம் வாங்குவோருக்கு நிலைமை இன்னும் மோசம். விற்றவரின் வைரஸ் விவரம் பல நேரம் கையில் இருக்காது. 2012-க்குப் பிறகு அவ்வாறு வாங்கியவர்களுக்கு நிராகரிப்புத் தடுப்பு மருந்துகளைச் சுகாதார அமைச்சு இலவசமாகத் தருவதில்லை. மருந்துச் செலவு தாங்காமல் அளவைக் குறைத்தால் சிறுநீரகம் போய்விடக்கூடும்.

சிகிச்சையில் குறை தெரிந்தால் மருத்துவ அறிக்கையைக் கேளுங்கள். தனியார் மருத்துவமனைகள் புகாரை விசாரிக்கும் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என 1998-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மருத்துவரின் நடத்தை பற்றி மலேசிய மருத்துவ மன்றத்திடம் முறையிடலாம். ஆனால் காய்ச்சல் வந்தால் காத்திருக்க வேண்டாம். அன்றே மாற்று சிகிச்சைப் பிரிவை அழையுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.