ஃபோர் பை ஃபோர் வண்டியை மாற்றும் முன், மலையேற்றும் முன்

தார், குர்கா, ஜிம்னி என நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டிகள் இப்போது நம் ஊர்த் தெருக்களிலும் சாதாரணமாகக் கண்ணில் படுகின்றன. வண்டி வீட்டுக்கு வந்த வாரமே பலர் ஆக்சஸரீஸ் கடைக்குப் போய்விடுகிறார்கள். பெரிய டயர், முன்னால் இரும்பு கார்டு, கூரையில் எல்.இ.டி. பார், வண்டியை உயர்த்த லிஃப்ட் கிட். "எல்லாரும் போடுறாங்க சார், ஒண்ணும் ஆகாது" என்பார் கடைக்காரர். ஆகுமா ஆகாதா என்பது, விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் மாற்றினால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். நான்கு வேலை செய்திருந்தால் நான்கு முறை கணக்கு.

முன்பக்க இரும்பு கார்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதைச் சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. மோதலின்போது வண்டியின் முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படிதான் வடிவமைக்கப்படுகிறது. ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கும் அதை நம்பித்தான். நடுவில் இரும்புக் குழாயைப் பொருத்தினால் அந்தக் கணக்கே மாறிப்போகலாம். எதிரே நடந்து வருபவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். கூரையிலும் பம்பரிலும் போடும் ஸ்பாட் லைட்டுகளும் அப்படித்தான். வண்டியின் முன்புறம் இவற்றைப் பொருத்த, பதிவு அலுவலரின் முன் அனுமதி வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 111. அதுவும் விதிவிலக்கான சூழலில் மட்டும். எதிரே பைக்கில் வருபவர் ஒரு நொடி கண் கூசித் தடுமாறினால் போதுமே.

டயர் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கணக்கு பார்ப்போம். 255/65 ஆர்18 அளவுள்ள டயரின் விட்டம் சுமார் 789 மில்லிமீட்டர். அதைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயர் போட்டால் விட்டம் 838 மில்லிமீட்டர். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது நீங்கள் உண்மையில் 85-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். பிரேக்குக்கும் வேலை கூடும். லிஃப்ட் கிட்டும் சேர்ந்தால் வண்டியின் ஈர்ப்பு மையம் மேலே போய், வளைவில் கவிழும் வாய்ப்பு கூடுகிறது. பெரிய டயர் வேண்டுமென்றால், அதே மாடலின் உயர் வேரியண்டுக்குத் தயாரிப்பாளரே தரும் அளவோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

சீட் கவர், தரை மேட், கையில் எடுத்துப்போகும் ஏர் கம்ப்ரசர், இழுவைப் பட்டை, மண்வெட்டி இதற்கெல்லாம் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. உண்மையில் கரடுமுரடான பாதையில் கைகொடுப்பவை இவைதான்!

நிறம் மாற்றுவது, எஞ்சின் மாற்றுவது போன்றவற்றை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து, மாற்றத்துக்கான சேவையைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்கலாம். ஆர்.சி.யில் உங்கள் இப்போதைய மொபைல் எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் ஓ.டி.பி. பழைய எண்ணுக்குப் போய்விடும். வேலை முடிந்த 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். பில்லைப் பத்திரமாக வையுங்கள். புதிய ஆர்.சி. வந்ததும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள், க்ளெய்ம் சிக்குவதும் இங்கேதான்.

சரி, வண்டியை எங்கே ஓட்டுவது? 'சும்மா கிடக்கிற இடம்தானே' என்று நாம் நினைக்கும் பல இடங்களுக்கு உரிமையாளர் உண்டு. வருவாய்த் துறையின் இணையவழிச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேட்டில் அது பட்டா நிலமா, புறம்போக்கா என்று தெரிந்துவிடும். பட்டா என்றால் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். வறண்ட ஏரி வேண்டாம். கரையும் மதகும் பாழாகும். சரணாலயத்துக்குள் அனுமதிச்சீட்டு இல்லாமல் நுழைவது வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி குற்றம். சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் மணலில் முட்டையிடுகின்றன. மேலே வண்டி போனால் கூடு இருந்த தடமே தெரியாது. நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்பினால், 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் பற்றி அன்றைய நிலவரத்தை மொபைலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது: ஃபோர்-ஹை, ஃபோர்-லோ இரண்டும் சேறு, மணல், கல் பாதைக்கானவை. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர்-ஹையில் வளைந்தால், முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால் கியர் அமைப்பு முறுக்கிக்கொள்ளும். மணலில் டயர் காற்றை 32-லிருந்து 20 வாக்கில் இறக்கினால் டயர் பரந்து மிதக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றிவிடுங்கள். இறக்கத்தில் கிளட்சை மிதிக்காமல் ஃபோர்-லோ முதல் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

மாட்டிய வண்டியை இழுக்கும்போது பட்டையை அதற்கென உள்ள கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டோ பாலில் மாட்டினால் அது பிய்ந்து குண்டு மாதிரி பறக்கும். பட்டை இறுகியிருக்கும்போது அதைத் தாண்டவோ, பக்கத்தில் நின்று வீடியோ எடுக்கவோ யாரையும் விடாதீர்கள்.

தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தை எந்த வண்டியிலும் கடக்க முயலாதீர்கள். தயாரிப்பாளர் சொல்லும் நீர் ஆழ அளவு, நிற்கும் தண்ணீருக்கு. ஓட்டம் இருந்தால் முழங்கால் அளவே வண்டியைத் தள்ளிவிடும். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் போட வேண்டாம், உள்ளே போன தண்ணீர் எஞ்சினையே உடைத்துவிடும். ஆட்களை முதலில் இறக்கிக் கரையேற்றிவிட்டு 112-ஐ அழையுங்கள். மலைப்பாதையில் சிக்னல் இருக்காது என்பதால், வரைபடத்தைக் கிளம்பும் முன்பே மொபைலில் இறக்கி வைத்திருங்கள். எந்த வழி, எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.