ஈரெழுத்தால் வந்த வினை

இற்றைக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், என்னிடம் படித்த மாணவன் ஒருவனுக்கு நற்சான்றுப் பத்திரம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். பையன் கெட்டிக்காரன். தமிழ் மன்றச் செயலாளன், சாரணர் தலைவன், துடுப்பாட்டக் குழுவின் உபதலைவன், விடுதி மாணவர் தலைவன் என நான்கு பொறுப்புகளை வகித்தவன். அனைத்தையும் எழுதினால் பத்திரம் நீண்டுவிடும் என்று எண்ணி, "கல்லூரியிற் பல பொறுப்புகளை வகித்தவர்" என ஆங்கிலத்தில் எழுதி, அதன்பின் "ஐ. ஈ." என்னும் இரண்டு எழுத்துகளை இட்டு, தமிழ் மன்றத்தையும் சாரணர் குழுவையும் மாத்திரம் குறிப்பிட்டுக் கையொப்பமிட்டேன். ஆங்கிலம் எனக்குக் கைவந்த பாஷை என்ற நினைப்பும் அக்காலத்திற் சற்று உண்டு.

நேர்முகப் பரீட்சையில் இருந்தவர்களுள் ஒருவர் அந்த வரியிற் பேனாவை வைத்தாராம். "உமது விண்ணப்பத்தில் நான்கு பொறுப்புகள் இருக்கின்றன. உமது ஆசிரியர் இரண்டு என்கிறார். எது மெய்?" என்று கேட்டாராம். பையன் திகைத்துப் போனான். அந்தப் பதவி அவனுக்குக் கிடைக்கவில்லை. அதற்கு இதுவே காரணமென்று துணிந்து கூற இயலாது. ஆயினும், "சேர், அந்தக் கேள்விக்குப் பிறகு என்னால் ஒழுங்காகப் பேச முடியவில்லை" என்று அவன் வந்து சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க எனக்கு நாணமாயிருந்தது. அவன் என்னை ஒரு சொல்லும் நொந்து கூறவில்லை.

அன்றிரவே அகராதியை எடுத்துப் பார்த்தேன். "ஐ. ஈ." என்பது "இட் எஸ்ட்" என்ற இலத்தீன் தொடரின் சுருக்கம். "அஃதாவது" என்பது அதன் பொருள். முன்னே சொன்னதையே வேறு சொற்களால் முற்றாக விளக்குவதற்கு அது வரும். "ஈ. ஜி." என்பதோ "எக்ஸெம்ப்ளி கிராட்சியா" என்பதன் சுருக்கம், "எடுத்துக்காட்டின் பொருட்டு" என்று பொருள்படும். பலவற்றுட் சிலவற்றைக் காட்டுவதற்கு உரியது அதுவே. நான் இட வேண்டியது பின்னதை, இட்டது முன்னதை. ஆகவே நான்கு பொறுப்புகளும் என் பேனாவினால் இரண்டாகிவிட்டன. கேள்வி கேட்டவர்மீது குற்றமில்லை. அவர் ஆங்கிலத்தை உள்ளவாறே வாசித்தார்.

இந்த வேறுபாடு நமக்குப் புதியதன்று என்பதுதான் வேடிக்கை. "மா, பலா, வாழை ஆகிய முக்கனிகள்" என்று எழுதுகிறோம். கணக்கு அத்துடன் முடிந்துவிட்டது. "பனை, தென்னை, கமுகு முதலிய மரங்கள்" என்று எழுதுகிறோம். இன்னும் பல மரங்கள் உள என்பது தானே பெறப்படும். "மா, பலா, வாழை முதலிய முக்கனிகள்" என்று ஒரு சிறுவன் எழுதினால் நாலாவது கனி எதுவென்று வகுப்பே சிரிக்கும். "ஐ. ஈ." நமது "ஆகிய"வுக்கு இனம், "ஈ. ஜி." நமது "முதலிய"வுக்கு இனம். இதனை ஒருமுறை மனத்திற் பதித்துக்கொண்ட மாணவர்கள் பின்னர் தடுமாறியதை நான் கண்டதில்லை.

மாணவர்க்கு மட்டும் உரிய விடயமும் இதுவன்று. "அடையாள ஆவணம் ஒன்றைக் கொண்டுவருக" என்ற அறிவித்தலில், அதனையடுத்து "ஈ. ஜி. தேசிய அடையாள அட்டை" என்றிருந்தால், கடவுச்சீட்டைக் கொண்டு செல்பவரும் உள்ளே போகலாம். "ஐ. ஈ." என்றிருந்தால் அவர் மீண்டும் பேருந்தேறி வீடு திரும்ப வேண்டியதுதான்.

அடுத்து "எட்செற்றறா". "எட்" என்றால் "உம்". "செற்றறா" என்றால் "ஏனையவை". "உம்" உள்ளேயே இருக்கிறது. அதற்கு முன்னே "அண்ட்" என்பதையும் சேர்த்து எழுதுவோர் ஒரே உம்மையை இருமுறை சொல்லுகின்றனர். "ஈ. ஜி." என்று தொடங்கிய பட்டியலை "எட்செற்றறா" என்று முடிப்பதும் அவ்வாறானதே, உதாரணம் என்று சொன்னபோதே ஏனையவை உள என்று சொல்லியாயிற்று. தமிழிலும் "முதலியன போன்றவை" என்று எழுதுவார் உளர். அவர்களை என்ன சொல்வது? பரீட்சை விடைத்தாள்களில் இச்சொல்லுக்கு வேறொரு தொழிலும் உண்டு. இரண்டு காரணங்களைத் தெரிந்த மாணவன் மூன்றாவதாக இதனை எழுதிவிடுவான். "ஏனையவை எவை?" என்று ஓரத்திற் சிவப்பு மையால் எழுதுவது என் வழக்கம். இதுவரை எவனும் விடை தந்ததில்லை.

கலியாணப் பத்திரிகைகளில் "ஆர். எஸ். வி. பி." என்று அச்சிடுவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அது ஆங்கிலமுமன்று, இலத்தீனுமன்று, பிரெஞ்சுத் தொடர். "தயவுசெய்து மறுமொழி தருக" என்பது அதன் பொருள். தயவு அதனுள்ளேயே அடங்கியிருக்க, முன்னால் "பிளீஸ்" என்று வேறு சிலர் சேர்த்துவிடுகின்றனர். மரியாதை கூடினால் நட்டமில்லை என்று விட்டுவிடலாம்.

ஆனால் நேரத்தைக் குறிக்கும் எழுத்துகளை அவ்வாறு விட்டுவிட முடியாது. "ஏ. எம்.", "பி. எம்." என்பவை "நண்பகலுக்கு முன்", "நண்பகலுக்குப் பின்" எனப் பொருள்படும் இலத்தீன் தொடர்களின் சுருக்கங்கள். நண்பகற் பன்னிரண்டு மணி தனக்கு முன்னுமன்று, பின்னுமன்று. ஆதலால் "12 நண்பகல்", "12 நள்ளிரவு" என்று சொல்லாலே எழுதுவதே தக்கது. பன்னிரண்டைக் கடந்த நிமிடங்களிலே தடுமாற்றம் இன்னும் மிகுதி. பகல் 12.10க்குரிய முகூர்த்தத்தை "12.10 ஏ. எம்." என்று அச்சிட்ட ஆங்கில அழைப்பிதழ் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன்படி நடந்திருந்தால் நள்ளிரவிலன்றோ தாலி கட்டியிருக்க வேண்டும்! அது சிரிப்போடு போயிற்று. விமானச் சீட்டிற் சிரிப்புக்கிடமில்லை. ஐந்தாந் திகதி "12.15 ஏ. எம்." என்று சீட்டிற் கண்டால், நாலாந் திகதி இரவே கட்டுநாயக்காவில் நிற்க வேண்டும். ஐந்தாந் திகதி இரவுச் சோற்றை உண்டுவிட்டுப் புறப்படுவோர் சென்று காண்பது வெறும் ஆகாயத்தையே. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் குடும்பங்கள் இதனை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

சுருக்கெழுத்துக்கு இல்லாத விரிவைக் கற்பிப்பது இன்னொரு வகைப் பிழை. கப்பலோட்டிகள் ஆபத்தில் அனுப்பிய "எஸ். ஓ. எஸ்." என்பதற்கு "எங்கள் ஆன்மாக்களைக் காப்பாற்றுங்கள்" என்று சிலர் விரிவு கூறுவர். அது எந்தச் சொல்லினதும் சுருக்கமன்று. மூன்று குற்று, மூன்று கோடு, மூன்று குற்று என்று தந்தி ஒலியில் எளிதிற் புலப்படும் என்பதற்காகவே 1906இல் பேர்லின் மாநாட்டில் அது சர்வதேச அடையாளமாக ஏற்கப்பட்டது. விரிவு பின்னர் வந்த கற்பனை.

சொற்றொடர்களுக்கு வருவோம். "ஒரு விடயத்தைப் பற்றிக் கலந்துரையாடினோம்" என்று தமிழில் நினைத்து எழுதுவதாற் போலும், "டிஸ்கஸ்" என்ற வினைக்குப் பின் "எபவுட்" என்று நம்மவர் தவறாமற் சேர்க்கின்றனர். அவ்வினைக்குள்ளே "பற்றி" அடங்கியுள்ளது. "டிஸ்கஷன்" என்ற பெயர்ச்சொல்லின் பின் அது வரலாம். வினையின் பின் வேண்டுவதில்லை. "திரும்பி வந்தான்" என்பதை நினைத்து "ரிட்டேர்ண் பாக்" என்று எழுதுவதும் இவ்வினத்ததே. அலுவலகக் கடிதங்களிலே "ஆவன செய்க" என்னும் பொருளில் வரும் "டூ த நீட்ஃபுல்" என்ற தொடரைப் பிழையென்று சிலர் இகழ்வர். அதில் நான் உடன்படேன். அது முன்னர் இங்கிலாந்திலேயே வழங்கி, அங்கு அருகி, நம்மிடையே தங்கிவிட்டது. பழைய வழக்கு வேறு, பிழை வேறு.

சுருக்கி எழுதுதல் ஆங்கிலேயர்க்கு மாத்திரம் உரியதன்று. எங்கள் பாட்டன்மாரின் கடிதங்களில் "ம. ரா. ரா. ஸ்ரீ" என்றிருப்பதையும், பழைய காணி உறுதிகளில் ஆண்டு, மாதம், திகதி, மேற்படி என்பவற்றுக்குத் தனிக் குறிகள் இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். எழுதியவருக்கும் வாசித்தவருக்கும் அவற்றின் பொருள் ஒன்றாயிருந்தது, தொல்லை எழவில்லை. ஆங்கிலச் சுருக்கங்களில் அவ்வுறுதி இப்போது ஆங்கில நாட்டிலேயே இல்லை. 2016ஆம் ஆண்டிற் பிரித்தானிய அரசாங்க இணையத்தளத்தை நடத்துவோர் "ஈ. ஜி.", "ஐ. ஈ.", "எட்செற்றறா" ஆகிய மூன்றையும் படிப்படியாகக் கைவிடப் போவதாக அறிவித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் மயங்குகின்றனர் என்பது ஒரு காரணம். பார்வையற்றோருக்குப் பக்கங்களை வாசித்துக் காட்டும் கணினிச் செயலிகள் "ஈ. ஜி." என்பதை "எக்" என்று, முட்டையென்னும் பொருள்பட, வாசித்துவிடுகின்றன என்பது மற்றொன்று.

என் மாணவர்க்கும் நான் அதனையே சொல்லுகிறேன். ஐயமிருந்தால் முழுச் சொல்லையும் எழுதுங்கள். மூன்று சொற்களை மிச்சம் பிடித்து எவரும் வீடு கட்டியதில்லை.

அந்த மாணவனுக்கு அடுத்த ஆண்டே வேறோரிடத்தில் உத்தியோகம் கிடைத்தது. சென்ற ஆண்டு என் வீட்டுக்கு வந்திருந்தான். அவனுடைய தமக்கை மகனும் என்னிடம் படித்தவன். அவனுக்கு நற்சான்றுப் பத்திரம் வேண்டுமென்றான். எழுதிக் கொடுத்தேன். படலையடியில் நின்று விரலை மடித்து மடித்து வாசித்தான். ஐந்து பொறுப்புகளும் ஒன்று விடாமல் இருந்தன. பத்திரம் இரண்டாம் பக்கத்துக்குப் போயிருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதனை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.